திருட்டுத் தடுப்புச் சாவியின் வரலாறும் ஜவ்வாது மலைச் சாலையும்

அறிமுகம்

காரின் கதவு திறக்கிறது. சாவியைத் திருப்பினால் விளக்குகள் எரிகின்றன. பேட்டரி நன்றாக இருக்கிறது, டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. முகப்புப் பலகையில் கார் படமும் சாவிப் படமும் சேர்ந்த ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. வண்டி பழுதாகி நின்றுவிட்டது என்று ஓட்டுநர் எண்ணுகிறார். பெரும்பாலும் அது உண்மையில்லை. தன் முன் இருக்கும் சாவி தனக்குரியது என்று வண்டி நம்ப மறுக்கிறது.

இவ்வாறு தடுக்கும் கருவிக்கு இம்மொபிலைசர் என்று பெயர். தமிழில் அதை எஞ்சின் முடக்கி எனலாம். திருடனைத் தடுக்க வந்த கருவி சில வேளைகளில் உரிமையாளரையே தடுத்துவிடுகிறது. நகரத்தில் இது அரைநாள் அலைச்சலோடு முடியும். ஜவ்வாது மலை போன்ற இடத்தில் அது மருத்துவமனைக்கோ தேர்வுக்கோ போய்ச் சேர்வதையே முடிவு செய்யக்கூடும். சாவி எப்படி வெறும் இரும்புத் துண்டாக இருந்து நினைவாற்றல் உள்ள கருவியாக மாறியது, அந்த மாற்றத்தில் வண்டிக்காரர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜவ்வாது மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். சாமை விளைவித்தலும் தேன் எடுத்தலும் அவர்களது பழந்தொழில்கள். மலையின் நடுவே உள்ள ஜமுனாமரத்தூர்தான் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சந்தையும் அலுவலகங்களும் உள்ள ஊர். போளூரிலிருந்து ஒரு சாலையும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக இன்னொரு சாலையும் அங்கே ஏறுகின்றன.

காவலூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986இல் செயல்படத் தொடங்கியது. நகர விளக்குகள் எட்டாத இருட்டு வானம் வேண்டும் என்பதற்காகவே வானியலாளர்கள் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தனர். அதே தொலைவுதான் வழியில் நின்றுபோன வண்டிக்குத் தொல்லையாகிறது. கார் நிறுவனங்களின் சேவை மையம் வேண்டுமென்றால் சமவெளியில் உள்ள வேலூர், திருவண்ணாமலை போன்ற ஊர்களையே நாட வேண்டும். மலையின் பல வளைவுகளில் கைபேசிச் சிக்னலும் கிடைப்பதில்லை.

ஜீப்பின் காலத்தில் இந்தத் தொலைவு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. பழைய டீசல் ஜீப்பின் எரிபொருள் பம்பு முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. ஒருமுறை எஞ்சின் சுழன்றுவிட்டால் அதற்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரி செத்துப்போனால் நான்கு பேர் சேர்ந்து தள்ளுவார்கள், அல்லது இறக்கத்தில் உருட்டி கியரைப் போடுவார்கள். வண்டி கிளம்பிவிடும். சாவி தொலைந்தாலும் விவரம் தெரிந்த ஒருவர் இரண்டு கம்பிகளைச் சேர்த்து வேலையை முடித்துவிடுவார். உரிமையாளருக்கு வசதியாக இருந்த இதே எளிமைதான் திருடனுக்கும் வசதியாக இருந்தது.

சாவி இரும்பாக இருந்த காலம்

தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் நினைவுக்கு வருவது திண்டுக்கல். அங்கு கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டு புகழ்பெற்றது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைப்பூட்டின் பாதுகாப்பு முழுவதும் உலோகத்தின் வடிவத்தில் இருக்கிறது. சாவியின் பற்கள் உள்ளே இருக்கும் தடைகளோடு பொருந்தினால் பூட்டு திறக்கும், பொருந்தாவிட்டால் திறக்காது. கார் சாவியும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தத்துவத்திலேயே இயங்கியது.

தொடக்ககாலக் கார்களை முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை ஒடியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. அதன்பிறகும் பல காலம் சாவி மின்னிணைப்பைத் திறக்க மட்டுமே பயன்பட்டது. எஞ்சினைச் சுழற்றத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் முறையை அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1949 வாக்கில் கொண்டுவந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவியது.

இந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. சாவி என்பது பேட்டரியையும் பற்றவைப்புச் சுருளையும் இணைக்கும் ஒரு சுவிட்சு மட்டுமே. சுவிட்சைத் தாண்டிக் கம்பிகளைச் சேர்த்துவிட்டால் சாவிக்கு வேலையே இல்லை. இதைத் தடுக்க ஸ்டியரிங் பூட்டு வந்தது. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970 முதல், சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கோ கியரோ பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. இதனால் திருட்டு குறைந்தது, ஆனாலும் நிற்கவில்லை. இரும்பால் ஆன பூட்டை இரும்பால் உடைக்க முடியும் என்பது திருடனுக்குத் தெரியும்.

சாவிக்குள் ஒரு சில்லு

அடுத்த படி அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு கோர்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. சாவியைச் செருகியதும் வண்டி அந்த மின்தடையின் அளவைப் பார்க்கும். அளவு மாறினால் எஞ்சின் கிளம்பாது. மொத்தம் 15 அளவுகளே இருந்ததால், பொறுமையான திருடன் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வழியிருந்தது. ஆயினும் ஒரு புதிய கருத்து பிறந்துவிட்டது. அதுவரை சாவியின் வடிவம் பேசியது. இனி சாவிக்குள் இருக்கும் மதிப்பு பேசும்.

1990களில் ஐரோப்பாவில் டிரான்ஸ்பாண்டர் என்னும் சில்லு வந்தது. அது செயல்படும் விதம் எளிது. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைச் செருகித் திருப்பும்போது அந்தச் சுருள் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சாவித் தலையில் உள்ள சில்லு அந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று, தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்பும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்னும் கணினி அந்த எண்ணைத் தன் நினைவில் உள்ள எண்ணோடு ஒப்பிடும். பொருந்தினால் எரிபொருளும் தீப்பொறியும் கிடைக்கும். பொருந்தாவிட்டால் கிடைக்காது. பிற்காலச் சில்லுகளில் வண்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வியைக் கேட்கும். சரியான கணக்கைத் தெரிந்த சாவி மட்டுமே விடை சொல்லும். ஆகவே ஒருமுறை ஒட்டுக்கேட்ட விடையை மறுமுறை பயன்படுத்த முடியாது.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். சாவியில் உள்ள சிறு பேட்டரி, கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட்டுக்கு உரியது. திருப்பும் வகைச் சாவியின் சில்லுக்குப் பேட்டரி தேவையில்லை. ரிமோட் வேலை செய்யாத சாவியாலும் வண்டியைக் கிளப்ப முடிவது இதனால்தான்.

பலன் கிடைத்ததா?

ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் பிறப்பித்த ஆணைப்படி, 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் எஞ்சின் முடக்கி கட்டாயமானது. கனடாவில் அது 2007 செப்டம்பரில் கட்டாயமானது. நெதர்லாந்தின் கார் திருட்டுகளை ஆராய்ந்து இரு பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, 1995 முதல் 2008 வரையான காலத்தில் இக்கருவியால் கார் திருட்டு சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டது.

இதற்கு மறுபக்கச் சான்று அமெரிக்காவில் கிடைத்தது. அங்கு எஞ்சின் முடக்கி சட்டப்படி கட்டாயமில்லை. 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 விழுக்காட்டில் இது இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்த வண்டிகளைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொளிகள் வழியே பரவியது. சாவிக்கூட்டைப் பெயர்த்து, யுஎஸ்பி கேபிளின் முனையால் திருப்பினால் போதும். சிறுவர்கள் விளையாட்டாகவே கார்களை ஓட்டிச் சென்றனர், விபத்துகளில் உயிர்களும் போயின. கனடாவில் விற்கப்பட்ட அதே நிறுவனக் கார்களில் சட்டத்தின் காரணமாக முடக்கி இருந்ததால், அங்கு இந்த வழியில் திருட முடியவில்லை. சில்லு ஒரு வீண் தொல்லை என்று எண்ணுவோருக்கு இந்நிகழ்வு தக்க பதில்.

எனினும் எண்ணால் ஆன பூட்டும் உடையாத பூட்டு அன்று. பல கோடிச் சாவிகளில் இருந்த 40 பிட் சில்லின் மறைகுறியை 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தினரும் உடைத்துக் காட்டினர். மெகாமோஸ் என்னும் மற்றொரு சில்லின் குறைகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது. அந்த ஆய்வு 2015இல்தான் வெளிவந்தது.

இந்தியச் சாலைக்கு வந்த கதை

இந்தியாவில் எஞ்சின் முடக்கி பரவியதற்குத் திருட்டு மட்டும் காரணமில்லை. அம்பாசிடர், பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை கார்புரேட்டர் வண்டிகள். அவற்றில் சாவியின் எண்ணைச் சரிபார்க்க ஒரு கணினியே கிடையாது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகை மாசு விதிகள் இறுகின. கார்புரேட்டர் மறைந்து, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. டீசல் வண்டிகளிலும் காமன் ரெயில் முறை நுழைந்தது. எஞ்சினை இயக்க எப்படியும் ஒரு கணினி வேண்டும் என்று ஆனபிறகு, அதே கணினியிடம் காவல் வேலையையும் ஒப்படைப்பது எளிதாயிற்று.

இதே காலத்தில் தமிழ்நாடு கார்த் தொழிலின் மையமாக வளர்ந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை எழுந்தது. மாருதி நிறுவனம் 2000களின் நடுவில் ஐகேட்ஸ் என்ற பெயரில் தன் கார்களில் திருட்டுத் தடுப்பு முறையைச் சேர்த்தது. சில ஆண்டுகளில் சிறிய குடும்பக் கார்களிலும் சில்லுச் சாவி வழக்கமாகிவிட்டது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் முறையும் பின்தொடர்ந்தது. நகரத்தில் வாங்கப்பட்ட இக்கார்கள் பின்னர் கைமாறி மலையூர்களுக்கும் ஏறின. பலவற்றோடு ஒரே ஒரு சாவிதான் போனது. இரண்டாம் சாவி முதல் உரிமையாளரிடமே தங்கிவிட்டது.

வண்டி மறுக்கும்போது என்ன செய்வது?

நோயைக் கண்டறிய முதலில் அறிகுறியைப் பார்க்க வேண்டும். செல்ஃப் எடுக்கிறதா என்பதே முதல் கேள்வி. செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லை, அல்லது பற்றி ஓரிரு நொடியில் அணைந்துவிடுகிறது, சாவி விளக்கும் மினுங்குகிறது என்றால் சில்லுச் சிக்கல் என ஐயுறலாம். சில மாதிரிகளில் செல்ஃபே எடுக்காது. செல்ஃப் ‘டிக் டிக்’ என்று மட்டும் ஒலித்து, விளக்குகளும் மங்கினால் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி தளர்ந்தால் சில கார்களின் கணினி சாவியைச் சரியாகப் படிக்காது. எனவே இரண்டு நோய்களும் ஒன்றுபோலத் தோன்றுவது உண்டு.

அதன்பின் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

1. பேட்டரி முனைகளில் பூஞ்சை போன்ற உப்பு படிந்திருந்தால் துடைத்து, கவ்விகளை இறுக்க வேண்டும்.

2. சாவி வளையத்தில் வேறு வண்டியின் சில்லுச் சாவியோ தடித்த உலோகமோ இருந்தால் கழற்றிவிட வேண்டும். இரண்டு சில்லுகள் ஒரே நேரத்தில் விடை சொன்னால் வண்டி குழம்பும்.

3. சாவியை முழுதும் வெளியே எடுத்து, சில நிமிடங்கள் பொறுத்து மீண்டும் செருக வேண்டும். திரும்பத் திரும்ப அவசரமாக முயன்றால் சில வண்டிகள் காத்திருப்பு நேரத்தை விதித்துவிடும்.

4. இரண்டாம் சாவியால் முயல வேண்டும். அதில் கிளம்பினால் பழுது முதல் சாவியில் இருக்கிறது. அதிலும் கிளம்பாவிட்டால் சுருளிலோ, ஃபியூஸிலோ, கணினியிலோ பழுது இருக்கலாம்.

5. பொத்தான் வகைக் காரில் சாவியின் பேட்டரி தீர்ந்திருந்தால், சாவியையே ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்த வேண்டும். சில மாதிரிகளில் இதற்கெனத் தனி இடம் இருக்கும். அது எங்கே என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

6. அண்மையில் சாவியின் உறை மாற்றப்பட்டதா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த உறையை மாற்றும்போது, சிறிய அளவில் உள்ள சில்லு பழைய உறையிலேயே தங்கிவிடுவது உண்டு. புதுச் சாவி கதவைத் திறக்கும், ஆனால் வண்டியைக் கிளப்பாது. சில்லு இல்லாமல் வெட்டிய டூப்ளிகேட் சாவிக்கும் இதே கதிதான்.

செய்யக்கூடாதவையும் உண்டு. முடக்கி தடுக்கும் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது, ஏனெனில் தள்ளினாலும் எரிபொருள் வராது. மலைச்சாலையில் இந்த முயற்சி பேராபத்தாகும். எஞ்சின் ஓடாத காரில் ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் உதவாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஜீப்புக்குக் கைகொடுத்த இறக்கம் இக்காரைப் பள்ளத்தில் தள்ளிவிடும். டயருக்குக் கல்வைத்து நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு உதவி தேடுவதே அறிவுடைமை. கணினிக்குச் செல்லும் கம்பிகளை வெட்டிச் சேர்ப்பதும் தவறு. அது சிறு பழுதைப் பெருஞ்செலவாக்கும்.

சாவியின் நினைவு யாருக்குச் சொந்தம்?

இரண்டு சாவிகளும் தொலைந்தால், புதுச் சாவியின் எண்ணை வண்டியின் கணினியில் பதிவுசெய்யத் தனிக் கருவியும் நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். சாலையோர மெக்கானிக்கிடம் பல வேளைகளில் இவை இருப்பதில்லை. அவருடைய கைத்திறன் குறையவில்லை. அவர் கையாளக்கூடிய பொருளாகச் சாவி இல்லாமல் போய்விட்டது.

இது தனிமனிதர் தொல்லை மட்டுமன்று, நாட்டின் சட்டக் கேள்வியும் ஆயிற்று. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் அங்கீகரித்த விற்பனையாளர்களுக்கு மட்டுமே தந்து, தனிப் பட்டறைகளுக்கு மறுத்ததாக எழுந்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பின்னர் 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இதற்கான இணையத்தளமும் தொடங்கப்பட்டது.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சாவியைப் பதிவுசெய்யும் கருவி யார் கைக்கும் எளிதில் கிடைத்தால் திருடன் கைக்கும் கிடைக்கும். ஆகவே கருவியைப் பொதுவாக்கிவிடுவதும் தீர்வாகாது, முழுதும் பூட்டி வைப்பதும் தீர்வாகாது. ஆர்.சி. புத்தகத்தையும் உரிமையாளரின் அடையாளத்தையும் சரிபார்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர் மெக்கானிக்கே பதிவுசெய்யும் ஏற்பாடுதான் இரு தரப்புக்கும் பொருந்துவது. அது வந்தால் ஜமுனாமரத்தூரில் நின்ற வண்டியை வேலூர் வரை ஏற்றிச்செல்ல வேண்டியிராது.

முடிவுரை

நூறாண்டுகளில் கார் சாவி மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் அது சுவிட்சாக இருந்தது. பிறகு ஸ்டியரிங்கைப் பூட்டும் பூட்டானது. இன்று அது அடையாளச் சீட்டாக இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் திருடனுக்கு வேலை கடினமானது, உண்மை. ஒவ்வொரு நிலையிலும் பழுதுபார்க்கும் இடம் உரிமையாளரைவிட்டுத் தள்ளிப்போனது, அதுவும் உண்மை.

சட்டமும் தொழில்நுட்பமும் இந்த இடைவெளியைக் குறைக்கும்வரை, வண்டி வைத்திருப்போர் கையில் இருக்கும் காவல் எளிமையானது. பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்கி, இரண்டாலும் வண்டியைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். வண்டி திருடுபோனால் இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனங்களும் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். சாவிக்கென எண் அட்டை தந்திருந்தால் அதை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும். மலைக்குப் புறப்படும்போது இரண்டாம் சாவி உடன்வரும் இன்னொருவர் பையில் இருக்க வேண்டும். ஒரே வளையத்தில் மாட்டிய இரண்டு சாவிகள் தொலையும்போது ஒன்றாகவே தொலையும்.